மரகதம் மான் நடத்திய செய்முறை வகுப்பு

ஒரு காட்டில், புற்றுநோய்க்கென்றே பெரிய ஆஸ்பத்திரி கட்டி வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்த்த மிருகங்களுக்கு ஓயாத படிப்பு. ஒரு வகுப்பு முடிந்து கை கழுவுவதற்குள் அடுத்த வகுப்பு. சுவரெல்லாம் சர்டிபிகேட்.

மரகதம் என்கிற மான், தன் மகனுக்குக் கீமோ ஏற்றக் கூட்டி வந்திருந்தாள். டிரிப் ஓடும்போதே பிள்ளை, "அம்மா, கால் எரியுதும்மா" என்றான். பார்த்தால், ஊசி குத்திய இடம் சிவந்து வீங்கியிருக்கிறது. மருந்து நரம்புக்கு வெளியே கசிகிறது, விட்டால் சதையையே அரித்துவிடும்! குழாயை நாமாகத் தொடக்கூடாது, மணியை அழுத்தணும் என்று சொல்லியிருந்தார்கள். அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். ஒரு ஈ காக்கை வரவில்லை.

சாமியைக் கூப்பிட்டபடி மாடிக்கு ஓடினாள். ஹாலில் டாக்டர், நர்ஸ் எல்லோரும் சுண்டலும் டீயுமாக உட்கார்ந்திருந்தார்கள். பதறி வரும் சொந்தக்காரர்களிடம் கனிவாகப் பேசுவது எப்படி என்று வெளியூர் மயில் ஒன்று மைக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

"ஐயா, யாராவது வாங்களேன்! என் பிள்ளைக்குக் கால் வீங்குது!"

மயில் தோகையை விரித்தது. "பாத்தீங்களா, இப்படித்தான் வருவாங்க. அம்மா, பிரமாதமா நடிக்கிறீங்க! கண்ணீர்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

எல்லோரும் கை தட்டினார்கள். நாரை சிஸ்டர் எழுந்து, பாடத்தில் சொன்னபடியே தலையைச் சாய்த்து, "உங்க வேதனை எனக்குப் புரியுதும்மா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டது.

"புரிஞ்சா கீழே வா தாயி!"

"அடடா, அந்தக் கோபத்தைப் பாருங்க!" என்றது பெரிய டாக்டர் கரடி, வாய் நிறையச் சுண்டலோடு.

மரகதம் பொய் சொல்லிப் பழகாதவள். மனசுக்குள் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். "செய்முறை வகுப்பு கீழே வார்டில் நடக்குதுங்க. வராதவங்களுக்குச் சர்டிபிகேட் கிடையாதாம்."

நாற்காலிகள் உருண்டன. டீ டம்ளரோடு ஓடி வந்தார்கள். நாரை சிஸ்டர் டிரிப்பை நிறுத்தி, கசிந்த மருந்தை ஊசிக்குழாயால் இழுத்தது. கரடி முறிவு மருந்து போட்டது. அத்தனையும் அத்துப்படி! கால் தப்பியது.

மயில் மரகதத்தின் காதருகே வந்தது. "பையனும் நல்லா நடிக்கிறான். அடுத்த வாரமும் கூட்டிட்டு வாங்க."

"வர்றோங்க. வேற எங்கே போவோம்?" என்றாள் மரகதம்.

நீதி: பிள்ளைக்கு ஆபத்தென்றால் சாமியைக் கூப்பிடுங்கள், டாக்டரும் வரவேண்டுமானால், சர்டிபிகேட் தருகிறோம் என்று சொல்லிக் கூப்பிடுங்கள்.