வீட்டுக்குள் ஒரு சிவப்புக் கொடி

என் மகளின் கோபத்தை மூன்றே நாளில் அடக்கிக் காட்டுவதாகச் சபதம் போட்டேன். அடக்கியும் காட்டினேன். வம்பே அதில்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ். நான் ரயில் கார்டு, கொடி காட்டி வண்டியை அனுப்புகிறவன். சந்திரகலாவுக்கு நாலு வயது. அவள் கத்த ஆரம்பித்தால் சிரம்பான் வண்டி ஊதுவது காதில் விழாது.

பக்கத்து வீட்டு வீரம்மா பாலர் பள்ளி ஆசிரியை. வேலியோரம் நின்று சொன்னாள்.

"அடிக்காதீங்க அண்ணே. உள்ள இருக்கிறது கோவம்னு அதுக்குச் சொல்லத் தெரியல. சொல்லக் கத்துக்குடுங்க, கத்தறது தானா நிக்கும்."

நியாயம்தான். வாயால் சொல்ல வராவிட்டால் கையால் காட்டட்டும். என்னிடம் பழைய வேலைக் கொடிகள் இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

குடும்பத்தைக் கூட்டி விதியைச் சொன்னேன். கோபம் வந்தால் சிவப்போடு முக்காலியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தவரும் பேசக்கூடாது, மற்றவர்களும் பேசக்கூடாது. கோபம் இறங்கியதும் பச்சை. அப்புறம் என்ன கோபம் என்று சொல்லலாம்.

மனைவி இராஜம்மா கேட்டாள். "வருத்தம் வந்தா எந்தக் கொடிங்க?"

"ரயில்வேயில வருத்தத்துக்குக் கொடி இல்ல."

"ரூல் புள்ளைக்கு மட்டுந்தானா?"

"ரூல்னா எல்லாருக்கும்தான். ஸ்டேஷன் மாஸ்டரே வந்தாலும் சிவப்புக்கு நின்னுதான் ஆகணும்."

"சரிங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் சரி சொல்லி நான் பார்த்ததில்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

முதல் நாள் சந்திரகலாவுக்கு முக்கால் மணி நேரம் சிவப்பு. மூன்றாம் நாள் ஐந்தே நிமிடம். பச்சையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மைலோ ஆறிப்போச்சு. அதான் கோவம்." கத்தல் இல்லை. குவாட்டர்ஸே தூங்கியது.

ஞாயிறு வந்தது. மெர்டேக்கா அரங்கத்தில் சிலாங்கூர் அணியின் கால்பந்து ஆட்டம். டிக்கெட் என்னோடு வேலை பார்க்கும் பாலனிடம். மூன்று மணிக்கு மோட்டார் சைக்கிளில் வருவதாக ஏற்பாடு. அன்றைக்கேதான் கிள்ளானில் இராஜம்மாவின் அக்கா மகனுக்குப் பிறந்தநாள். வர முடியாது என்று புதன்கிழமையே சொல்லிவிட்டேன். அதற்கும் "சரிங்க" என்றாள்.

இரண்டே முக்காலுக்குச் சட்டையைத் தேடினேன். சிலாங்கூர் ஆட்டத்துக்கென்றே வைத்திருக்கும் சட்டை. சவர்க்கார வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டு ஊறப் போட்ட?"

"அழுக்கா இருந்துச்சுங்க."

"இன்னிக்குத்தான் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

"கோவமா இருக்கீங்களா?"

"ஆமா! கோவம்தான்!"

சொல்லி வாய் மூடவில்லை. சந்திரகலா சிவப்புக் கொடியோடு முன்னால் நின்றாள்.

"அப்பா, முக்காலி."

"அப்பாவுக்கு நேரமாச்சும்மா."

உதடு பிதுங்கியது. கண் கலங்கியது. நான் மீறிப் போனால் விதி செத்தது. நாளையிலிருந்து பழைய கத்தல். உட்கார்ந்தேன்.

வெளியே ஹாரன். இரண்டு தரம். வாயைத் திறந்தேன்.

"செவப்புல பேசக்கூடாது" என்றாள் மகள்.

மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போய்விட்டது. ஒரு நிமிடம் காத்திருக்கவில்லை, துரோகி. கோபம் இன்னும் ஏறியது. அது இறங்க அரை மணி நேரம். பச்சையைக் காட்டினேன். மகள் கைதட்டினாள். இராஜம்மா பட்டுக் கட்டி, பூ வைத்து, வாசலில் நின்றாள். கையில் எனக்கு இஸ்திரி போட்ட வேறு சட்டை.

கிள்ளானில் கேக் சாப்பிட்டேன்.

மறுநாள் ஸ்டேஷனில் பாலனைப் பிடித்தேன்.

"ஏன்டா, ரெண்டு ஹாரனை அடிச்சிட்டு ஓடிட்ட? உள்ள வந்து கூப்பிட்டா என்ன?"

"உங்களுக்கு அடிக்கல லா அண்ணே. பக்கத்து வீட்டு வீரம்மாவோட வீட்டுக்காரருக்கு அடிச்சேன். உங்க டிக்கெட்ல அவர்தானே வந்தாரு."

"யாரைக் கேட்டுக் குடுத்த?"

"என்னண்ணே, ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நீங்க கோவமா இருப்பீங்கன்னு அண்ணி வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்களே!"