ரெட்டை மணிக்கூட்டாரும் பிந்திக் கத்திய பெட்டியும்

உலகத்திலேயே கணினியை அதட்டி வேலை வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ரெட்டை மணிக்கூட்டார்தான் என்று எந்தக் கோயில் வாசலிலும் சத்தியம் பண்ணுவேன். பெட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு, "என்ன மகன், இண்டைக்கும் குழப்படியா?" என்று விசாரணையைத் தொடங்குவார். பெட்டி பயந்தோ என்னவோ, பெரும்பாலும் வேலை செய்துவிடும்.

அது யுத்தகாலம். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில், அரசாங்கம் அரைமணி முன்னுக்குத் தள்ளிவிட்ட புது நேரம். அந்தப் பக்கம், இயக்கத்தின் கையிலிருந்த படுவான்கரையில் பழைய நேரம். கலியாணத்துக்கு அழைத்தால்கூட, "புது நேரமா, பழசா?" என்று கேட்டுத்தான் வேட்டி உடுக்க வேண்டும். நம்மவர் வேலை பார்த்தது மட்டக்களப்பு நகரத்தில் எங்கள் நிவாரண அலுவலகத்தில். தாய் இருந்தது படுவான்கரையில், கரடியனாற்றில். ஆகவே இடது கையில் புது நேரத்துக்கு ஒரு மணிக்கூடு, வலது கையில் பழைய நேரத்துக்கு இன்னொன்று; பேரும் அப்படி வந்ததுதான்.

எங்களோடு தட்டெழுத்து வேலை செய்த புவனாவும் கரடியனாறுதான். தினமும் போய் வருவாள். வீட்டில் பால்குடி மறவாத குழந்தை. இரண்டு கரைக்கும் நடுவே இருந்த ராணுவச் சோதனைச்சாவடியை மாலை, புது நேரம் ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள். அதன்பிறகு விடியும்வரை பிள்ளை அங்கே, தாய் இங்கே. ஆனால் வேலையில் குனிந்தால் புவனாவுக்கு உலகமே தெரியாது. அவளுக்காகவே மணிக்கூட்டார் கணினிக்கு ஒரு கட்டளை எழுதி வைத்திருந்தார். தினமும் மூன்றரைக்கு அவருடைய குரலே ஒலிபெருக்கியில் பாயும்: "படுவான்கரை ஆக்களெல்லாம் எழும்புங்க! பஸ் போகப்போகுது!" பக்கத்துத் தேநீர்க்கடையில் இருப்பவர்களும் எழும்பிவிடுவார்கள்.

ஒருநாள் காலை பழைய இயங்குதளத்தை அழித்துப் புதியதைப் போட்டு, கத்தும் கட்டளையையும் திரும்ப ஏற்றினார். "இனி இவர் புது மாப்பிள்ள" என்று திரையைத் துடைத்துவிட்டார். மூன்றரைக்கு மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. தற்செயலாக என் மணிக்கூட்டைப் பார்த்த நான்தான் புவனாவைப் பஸ்ஸுக்குத் துரத்தினேன்.

மணிக்கூட்டார் விசாரணையில் இறங்கினார். கட்டளை அப்படியே இருந்தது. கையால் கொடுத்துப் பார்த்தார். கட்டடம் அதிரக் கத்தியது.

"கையால விட்டாக் கத்துது. மறுகா ஏன் தானாக் கத்துதில்ல?"

மூடியைக் கழற்றினார், தூசு ஊதினார், கடைசியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அந்தக் கணமே பெட்டி தானாகக் கத்தியது.

"பாத்தீங்களா? ஒரு தட்டுத்தான்!"

அடுத்த நாளும் மூன்றரைக்கு மௌனம். புவனாவை மறுபடி துரத்தினேன். அவர் கட்டளையை அழித்துத் திரும்ப எழுதினார். ஒலிபெருக்கி வயரைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய குரலே அவர் காதுக்குள் வெடித்தது. கதிரையோடு விழுந்தவர் விழுந்தபடியே அறிவித்தார்: "வயர்தான் பிழை!"

மூன்றாம் நாள் எனக்கு வாழைச்சேனையில் வேலை. "புவனா, நேரத்தப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். மணிக்கூட்டாருக்கு ரோசம் வந்துவிட்டது.

"நான் திருத்தின பெட்டி. அது கத்தினாப்பிறகு எழும்பினாக் காணும்."

புவனா நம்பினாள். அவரும் தன் வேலையைத் தானே நம்பிச் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். பெட்டி கத்தியபோது நாலு மணி. பஸ் போய்விட்டது. புவனாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பறந்தார். அது வழியில் இரண்டு தடவை படுத்தது. இனி நடந்தது புவனா சொன்னது.

சாவடி பூட்டியிருந்தது. புவனா அழத் தொடங்கிவிட்டாள். மணிக்கூட்டார் துணிந்து வலது கையை நீட்டினார்.

"பாருங்க ஐயா, அஞ்சு மணிக்கு இன்னும் இருபது நிமிசம் கிடக்கு."

சிங்களச் சிப்பாய் மற்றக் கையின் சட்டையை மேலே தள்ளினான். "மாத்தயா, இதில அஞ்சு பத்து. ஏன் ரெண்டு?"

மணிக்கூட்டார் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ புவனா! புதுசு போடக்குள்ள, எந்த ஊர் நேரம் எண்டு பெட்டி கேட்டிச்சு. நான் நம்மட வீட்டு நேரத்தச் சொல்லிப்போட்டன். பாவம், அது சரியாத்தான் கத்தியிருக்கு!"

பெட்டியின் மூன்றரை, நகரத்தில் நாலு மணி. தட்டும் வயரும் ஒன்றும் செய்யவில்லை; நாலு மணிக்கு அவர் கை எதில் இருந்ததோ அதற்குப் பேர் கிடைத்தது. திரையின் மூலையில் அந்தப் பழைய நேரம் தெளிவாகவே இருந்தது. இரண்டு மணிக்கூடு கட்டியவருக்கு மூன்றாவது எதற்கு?

சிப்பாய்க்குப் பாதி விளங்கியது. அந்தப் பாதிக்கே விழுந்து விழுந்து சிரித்தான். "நோனாவுக்குச் சின்னப் பிள்ளையா? சரி, போங்க. ஆனா அங்கால பஸ் இல்ல. மாத்தயா கொண்டுபோனா, காலையிலதான் திரும்பி வரலாம்."

மணிக்கூட்டார் வண்டியை உதைத்தார். கடைசி ஒரு மைல் கட்டைத் தூரம் பெற்றோல் முடிந்து தள்ளிக்கொண்டே நடந்தாராம். வழி முழுக்க மன்னிப்புக் கேட்டாராம், தட்டியதற்காக, அங்கில்லாத பெட்டியிடம். பிள்ளை தாயைக் கண்டு தாவியதைப் பார்த்த பிறகுதான் புவனாவிடமும் கேட்டார்.

பிறகு நானும் எத்தனையோ அலுவலகங்களில், நொடி பிசகாத கணினிகளோடு வேலை செய்துவிட்டேன். பிழை விட்டால் வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடுகிற ஆளை மட்டும் அவருக்குப் பிறகு காணவில்லை.