பழைய கம்ப்யூட்டரும் என் புள்ளிக்கோழியும்

என் வீட்டுக்காரர் கனகதாஸ் மாதிரி மூளைக்காரர் பாறசாலைப் பக்கத்தில் வேறு கிடையாது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எனக்கே அது தெரியும்.

அவர் எங்கள் சர்ச்சில் சபைச் செயலாளர். அறுப்புப் பண்டிகையில் ஏலம் விட யார் என்ன காணிக்கை தருகிறார்கள் என்ற பட்டியல் எங்கள் பழைய கம்ப்யூட்டரில்தான் இருந்தது.

ஒரு நாள், "தங்கம், அந்தப் புள்ளிக்கோழி எத்தனை கிலோ வரும்?" என்றார். பதினொரு முட்டையில் அடையிருக்கிற கோழி அது.

"பட்டியலைக் காட்டுங்க, பாப்போம்."

"அது சபைக் காரியமாக்கும். வீட்டுக்காரிக்குப் பாஸ்வேர்டு கிடையாது."

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் திருவனந்தபுரத்திலிருந்து மகள் லிஷா லேப்டாப்போடு வந்தாள். பட்டியலில் எழுத்துப்பிழையை அவள்தான் திருத்தித் தர வேண்டும்.

"மக்கா, உனக்கு பாஸ்வேர்டு எதுக்கு? நான் வழி வெச்சிருக்கேன்" என்றார் இவர்.

அரைமணி நேரம் எதையெதையோ அழுத்தி, கெஸ்ட் அக்கவுண்ட் என்று ஒன்றைத் திறந்தார். நெட்வொர்க் வழியாக அவள் அறையிலிருந்தே பட்டியலுக்குள் போகலாமாம்.

"கெஸ்டுன்னா யாரு?" என்றேன்.

"விருந்தாளி. பாஸ்வேர்டு வேண்டாம். வரலாம், பாக்கலாம், திருத்தலாம்."

"வந்தது யாருன்னு தெரியுமா?"

"எப்படித் தெரியும்? கெஸ்ட்னு மட்டும் காட்டும்." மீசையைத் தடவினார். "எப்படி?"

"இந்த மூளை யாருக்கு உண்டு!" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

லிஷா குளிக்கப் போனாள். லேப்டாப்பில் பட்டியல் திறந்தே கிடந்தது. முதல் வரியே, 'கனகதாஸ்: புள்ளிக்கோழி ஒன்று.' ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். வேர்த்துக் கொட்டியது. கோழியை அழித்தேன். பதிலுக்கு வேறொன்றை எழுதினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் பட்டியலை வாசித்தார்.

"செயலாளர் கனகதாஸ், வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்று!"

சபையே கைதட்டியது. "என்ன மனசு ஓய்!" என்று பக்கத்தில் இருந்த மோகனன் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இவரும் சிரித்தார். அத்தனை பேர் முன்னால் வேறென்ன செய்வார்?

வீட்டுக்கு வந்ததும் கேட்டார். "எட்டி, யாரு பாத்த வேலை இது?"

"கம்ப்யூட்டர்ல பாருங்களேன்."

பார்த்தார். "கெஸ்ட்னுதான் இருக்கு." என்னையே உற்றுப் பார்த்தார்.

"நான் வீட்டுக்காரியாக்கும். எனக்குப் பாஸ்வேர்டு கிடையாதுன்னு நீங்கதானே சொன்னது?"

கம்ப்யூட்டரைத் தூக்கித் தோளில் வைத்துச் சபைக்கு நடந்தார். இந்த வயதிலும் என்ன பலம் பாருங்கள்!