நாகிட்டோவின் குட்டிக் கோட்டு

குழந்தைகள் வந்து சேர்வதால்தான் பள்ளிக்கூடங்களின் தரம் குறைகிறது என்ற உண்மையைக் கம்பாலா நகரம் கொஞ்சம் தாமதமாகத்தான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பெருமை இளந்தளிர் அறிவு இயக்ககத்தைச் சேரும். ஒன்றுமே தெரியாத பிள்ளைகள் வந்து உட்கார்ந்துகொண்டு, ஆசிரியைகளின் பொன்னான நேரத்தைக் கற்றுக்கொள்வதிலேயே பாழடிக்கிறார்கள். எனவே மழலையர் பள்ளியின் முதல் வகுப்பான பேபி கிளாஸில் கற்றுத்தரப்படும் அனைத்தையும் ஏற்கெனவே கற்றுத் தேர்ந்த பிள்ளைகளை மட்டுமே இனிப் பேபி கிளாஸில் சேர்க்கலாம் என்றும், அதற்கு இயக்ககத்தின் 'முன்மலர்ச்சிச் சான்றிதழ்' கட்டாயம் என்றும் ஆணை பிறந்தது.

அப்புறம் எதற்குப் பேபி கிளாஸ் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். எங்கள் முயெங்கா மேட்டில் அதைக் கேட்ட ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் எல்லாரும் பிள்ளைகளை மலரவைக்கக் கிளம்பிவிட்டார்கள். நடை பழகாத குழந்தைகளுக்கு டை கட்டினார்கள். தொட்டிலுக்கு மேல் கிலுகிலுப்பையை அவிழ்த்துவிட்டு உலக வரைபடத்தைத் தொங்கவிட்டார்கள்.

"எங்க எல்வின் வயித்துல இருக்கும்போதே வாய்ப்பாடு போட்டுக் கேக்கவச்சோம். பொறந்ததும் அழவே இல்ல தெரியுமா, மனசுக்குள்ள கணக்குப் போட்டுட்டு இருந்தான்" என்றார் பக்கத்து வீட்டு நமயஞ்சா.

"விடை என்ன வந்துச்சு?" என்றேன்.

"உனக்குக் குழந்தை இல்ல. உனக்குப் புரியாது."

வாதத்தில் தோற்றவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது.

எங்கள் வீட்டில் இருந்தவள் நாகிட்டோ, என் அண்ணன் ஸெம்பூயாவின் மகள். வயது மூன்று. அவளுக்கு டை இல்லை, வரைபடம் இல்லை. கேள்விகள் மட்டும் இருந்தன. வாழைக்காய் வெந்ததும் ஏன் மஞ்சளாகிறது? மழை பெய்யும்போது ஏரி நனையுமா? குப்பைமேட்டில் நிற்கும் மராபூ நாரைகள் ஏன் கோட்டுப் போட்ட மாமாக்கள் மாதிரி இருக்கின்றன, அவர்களுக்கு வேலை கிடைக்கவில்லையா?

எங்கள் வழக்கப்படி, பெண்பிள்ளைக்குப் பெரியவர்கள் முன் முட்டி போட்டு வணங்கக் கற்றுத்தருவது அத்தையின் கடமை. அந்த அத்தை நான். "இந்த வீட்டுல யாரும் யாருக்கும் முட்டி போடப்போறதில்ல. நானும் இல்ல, அவளும் இல்ல" என்று பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்குவதற்கு முன்பே அறிவித்துவிட்டேன்.

அண்ணி நல்வோகா மட்டும், "முட்டி கிடக்கட்டும். முதல்ல இவளுக்கு ஸ்கூல்ல இடம் கிடைக்கணும்" என்றாள். அவள் மருத்துவமனையில் செவிலி. வகுப்புத் தொடங்கும் நாளோடு அவளுக்கு விடுப்பு முடிகிறது. நாகிட்டோவுக்கு இடமில்லை என்றால் அண்ணிக்கு வேலையில்லை. சொல்வதற்குச் சின்ன விஷயம். அண்ணி அதை நினைத்துத்தான் தோசைக்கல்லில் சப்பாத்தியைத் தினமும் கருக்கிக்கொண்டிருந்தாள்.

அண்ணி, நாகிட்டோ, நான் மூவரும் இயக்ககத்துக்குப் போனோம். தேர்வாளர் கசூஜாவின் அறையில் கசூஜா இல்லை. நாற்காலியின் முதுகில் அவருடைய கோட்டு இருந்தது.

"ஐயா இருக்காரு" என்றார் பியூன்.

"எங்க?"

"கோட்டு தெரியலையா உங்களுக்கு? கோட்டு இருந்தா ஐயா டியூட்டில இருக்காருன்னு அர்த்தம்."

நாகிட்டோ கோட்டை நெடுநேரம் பார்த்தாள். "அத்தை, கோட்டு எப்ப சாப்பிடும்?"

டீயும் வறுத்த வேர்க்கடலையும் முடிந்து, பல்லைக் குத்திக்கொண்டே கசூஜா வந்தார். ஒரு முக்கோணப் படத்தை எடுத்துக் காட்டினார்.

"பாப்பா, இது என்ன?"

"இதை யாரு வரைஞ்சா? ஒரு மூலை ஏன் வளைஞ்சிருக்கு? அவங்களுக்குக் கை வலிச்சுதா?"

கசூஜா படத்தைத் திருப்பிப் பார்த்தார். மூலை வளைந்துதான் இருந்தது. இத்தனை நாளாக அவர் அதைக் கவனிக்கவில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"பிள்ளை கேள்வி கேக்குது" என்றார் அண்ணியிடம், ஏதோ தொற்றுநோயைச் சொல்வதுபோல. "கேள்வி கேக்குதுன்னா என்ன அர்த்தம்? பதில் தெரியலைன்னு அர்த்தம். பதில் தெரியாத பிள்ளை எப்படிம்மா புத்திசாலி ஆகும்?"

"ஐயா, கேள்வி கேக்குறதுதானே புத்திசாலித்தனம்?" என்று நான் பாய்ந்தேன்.

"நீங்க யூனிவர்சிட்டியா?"

"ஆமா."

"நெனச்சேன். இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கீங்க பாருங்க." கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிறகு யோசித்து, கோட்டை மறுபடி நாற்காலியிலேயே மாட்டிவிட்டுப் போனார். "நாளைக்கு வாங்க."

மறுநாள் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். "ஃபைல் மேல போயிருக்கு" என்றார்கள். மேலே போனால் "கீழ அனுப்பியாச்சு" என்றார்கள். "இது எங்க செக்‌ஷன் இல்ல" என்றார் ஒருவர், எந்த செக்‌ஷன் என்று சொல்வது தன் செக்‌ஷன் இல்லை என்றும் விளக்கினார். நான் ஒவ்வொருவரிடமும் வாதாடினேன். அண்ணி ஒவ்வொருவரிடமும் கெஞ்சினாள். நாகிட்டோ ஒன்றும் செய்யவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் வீட்டில் விபரீதம் தொடங்கியது. ஒரு நாள் சாப்பிடக் கூப்பிட்டால் ஆளைக் காணோம். அவளுடைய நாற்காலியில் அண்ணனின் கோட்டு தொங்கியது. ஆள் தோட்டத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட வாடி!"

"வந்துட்டேனே. கோட்டு இருக்கு பாருங்க."

குளிக்கக் கூப்பிட்டால், "மேல போயிருக்கு" என்றாள். யார் உடைத்த தட்டு என்று கேட்டால், "இது எங்க செக்‌ஷன் இல்ல" என்றாள். அண்ணன் சிரித்தான். அண்ணி அழுதாள். "இவ்வளவு அலைஞ்சு வாங்கின கடைசித் தேர்வு நாளைக்கு. இவ இதையெல்லாம் அங்க போய்ச் சொன்னா எல்லாம் போச்சு!"

சொன்னாள்.

கடைசித் தேர்வுக்கு இயக்குநர் அம்மாவே வந்திருந்தார். கசூஜா சிவப்புப் பந்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது என்ன நிறம், பாப்பா?"

நாகிட்டோ பந்தைப் பார்க்கக்கூட இல்லை. "இது எங்க செக்‌ஷன் இல்ல."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, ரெண்டு மாம்பழமும் மூணு மாம்பழமும் சேர்ந்தா எத்தனை?"

"ஃபைல் மேல போயிருக்கு."

"எப்பதான் சொல்லுவ?"

நாகிட்டோ கொட்டாவி விட்டாள். "நாளைக்கு வாங்க."

இயக்குநர் அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கசூஜா, நீங்க வேலைக்குச் சேந்தப்ப இப்படிச் சொல்ல வந்துச்சா உங்களுக்கு?"

"எங்க வந்துச்சும்மா?" என்றார் கசூஜா. "ஆரம்பத்துல கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொல்லிட்டு இருந்தேன். எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கேன்! கொட்டாவி விடவே ரெண்டு பதவி உயர்வு ஆச்சு."

"இந்தப் பிஞ்சு வயசுல!" என்றார் இயக்குநர்.

இயக்ககத்தின் வரலாற்றில் முதன்முறையாக அன்றே, அந்த இடத்திலேயே, சான்றிதழில் முத்திரை விழுந்தது. அதிவிசேட முன்மலர்ச்சி.

சான்றிதழைப் பார்த்துவிட்டுப் பள்ளித் தலைமையாசிரியை கையைப் பிசைந்தார். "பேபி கிளாஸ் பாடம் தெரிஞ்ச பிள்ளைங்களைச் சேக்கச் சொல்லித்தான் ஆணை. இவளுக்கு என்னைவிட அதிகமாத் தெரியும்னு எழுதியிருக்கு. மேலதிகாரியை எப்படிம்மா நான் பேபி கிளாஸ்ல உக்காரவைக்கறது?"

அண்ணி அங்கேயே இடிந்து உட்கார்ந்துவிட்டாள். ஆனால் இயக்ககம் கைவிடவில்லை. இப்படிப்பட்ட திறமை வீணாவதை நாடு தாங்காது என்று நாகிட்டோவைத் தானே எடுத்துக்கொண்டது. தரைக்குச் சற்றே மேலாக ஒரு குட்டி மேசை. ஒரு குட்டி நாற்காலி. அதன் முதுகில் மாட்ட, தையல்காரரிடம் சொல்லித் தைத்த ஒரு குட்டிக் கோட்டு. பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் அரசு அலுவலகமே கிடைத்துவிட்டதால் அண்ணி நிம்மதியாக வேலைக்குப் போனாள். சப்பாத்தி கருகுவது நின்றது.

மேட்டில் எல்லாரும் வரைபடங்களைக் கழற்றினார்கள். "எங்க எல்வின் நேத்து தன் ஷூவையே தொலச்சுட்டு, யார் பொறுப்புன்னு எனக்குத் தெரியாதுன்னான்!" என்று நமயஞ்சா பூரித்தார்.

நான் மட்டும் இயக்ககத்தின் பக்கமே போகவில்லை, என் பட்டமளிப்பு நெருங்கும்வரை. பட்டம் பெறுகிறவர்கள் சின்ன வயதில் புத்திசாலியாக இருந்தார்களா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று புது ஆணை வந்தது. இயக்ககத்தின் முத்திரை இல்லாமல் கறுப்பு அங்கி கிடையாது.

ஒரு முழு உரையைத் தயாரித்துக்கொண்டு போனேன். நாகிட்டோவின் குட்டி மேசை முன் வரிசையில் பேராசிரியர்கள், ஒப்பந்தக்காரர்கள், ஒரு போலீஸ் அதிகாரி. எல்லாரும் முட்டி போட்டிருந்தார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மேசை அவ்வளவு தாழ்வாக இருந்தது. நின்றால் அதிகாரிக்கு நம் தொப்புள்தான் தெரியும்.

நான் நின்றேன். நின்றபடியே உரையின் முதல் பத்தியைச் சொல்லி முடித்தேன். பின்னால் இருந்த போலீஸ் அதிகாரி, "சீக்கிரம் உக்காரும்மா, எங்களுக்கும் முட்டி வலிக்குது" என்றார். இதமாகத்தான் சொன்னார்.

குனிந்தேன். குனிந்தால் பேச முடியவில்லை. முட்டி தானாகத் தரையைத் தொட்டது.

"நாகிட்டோ, ஏன்டி கண்ணு இப்படிப் பண்ற?"

அவள் என்னை அன்போடு பார்த்தாள். "கேள்வி கேக்குறீங்க அத்தை. அப்படின்னா உங்களுக்குப் பதில் தெரியலை. நாளைக்கு வாங்க."

மறுநாள் போனேன். நாற்காலியில் குட்டிக் கோட்டு மட்டும் தொங்கியது. வரிசை அதன் முன்னால் முட்டி போட்டிருந்தது. தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு நானும் முட்டி போட்டு, கோட்டுக்கு வணக்கம் சொன்னேன்.

ஜன்னலுக்கு வெளியே பலாமரத்தடியில் ஒரு குரல் கேட்டது. மண்ணில் குப்புறப் படுத்து, கன்னமெல்லாம் புழுதியாக, நாகிட்டோ எறும்புகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க போறீங்க? ஏன் எல்லாரும் வரிசையாவே போறீங்க? முன்னால போறவருக்கு வழி தெரியுமா?"

எறும்புகளிடமிருந்து பதில் வந்ததாகத் தெரியவில்லை. எங்களில் முன்னால் இருந்தவர் கோட்டிடம், "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நாங்கள் வரிசை கலையாமல், முட்டியாலேயே ஓர் அடி முன்னே நகர்ந்தோம்.