பெண் பார்க்க வந்தவர்களுக்கு மை நிறத் தேத்தண்ணி

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. குன்னூரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு டீ எஸ்டேட்டில், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கெமிஸ்டாகிய நான், காலையில் மருந்தை மாற்றினேன்.
2. மதியம் குழாயில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது. என்னை நானே பாராட்டிக்கொண்டேன். (வேறு யாரும் அங்கே இல்லை.)
3. மாலையில், தொழிலாளர் குடியிருப்பான லயத்துக் கலாவைப் பெண் பார்க்கத் தேவர்சோலையிலிருந்து வந்தார்கள்.
4. கலா தேத்தண்ணி, அதாவது பால் விடாத டீ, கொண்டுவந்தாள். அது பேனா மை நிறத்தில் இருந்தது.

இதை விளக்கக் கொஞ்சம் வேதியியல் வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த அறையில் இருந்தவர்களும் பொறுத்துக்கொண்டார்கள்.

எஸ்டேட் ஓடை சோலைக்காட்டுக்குள்ளிருந்து வருகிறது. உதிர்ந்த இலையெல்லாம் ஊறி, மழைக்காலத்தில் தண்ணீரே லேசான டீ நிறத்தில் இருக்கும். கிருமியைக் கொல்ல அதில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால், குளோரின் அந்த இலைச்சாற்றோடு சேர்ந்து குளோரோஃபார்ம் போன்ற வேண்டாத பொருள்களை உண்டாக்கும். வருஷக்கணக்கில் குடித்தால் நல்லதில்லை என்று வெளிநாடுகளில் அப்போதுதான் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். குளோரினே வேண்டாமென்றால் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. ஆகவே முதலில் இலைச்சாற்றை எடுத்துவிட வேண்டும், குளோரின் கடைசியில்.

இலைச்சாற்றை எடுக்கப் படிகாரத்தைவிட இரும்பு உப்பு கெட்டி. தண்ணீர் கொஞ்சம் புளிப்பாக இருந்தால் இன்னும் நன்றாக எடுக்கும். அதனால் புளிப்பை முறிக்கும் சுண்ணாம்பைக் குறைத்தேன். (குறைத்தேன் என்பது மரியாதைக்கு. போடவே இல்லை.) சுண்ணாம்பு இல்லாத மலைத்தண்ணீரில் இரும்பு முழுவதும் திரண்டு அடியில் இறங்காது, மிச்சம் கரைந்தபடியே வடிகட்டும் மணலைத் தாண்டிக் குழாய்க்குப் போய்விடும். பார்த்தால் தெரியாது. தேயிலைச் சாயத்தோடு சேர்ந்தால்தான் தெரியும், மையாக. டீ எஸ்டேட்டில் உட்கார்ந்துகொண்டு டீயை மறந்த ஒரே ஆள் நான்தான்.

அன்றே மருந்தை மாற்றிய அவசரத்துக்குக் காரணம் உண்டு. சிலோனிலிருந்து கப்பலேறி வந்து குடியேறிய குடும்பங்கள் அந்த லயத்தில் இருந்தன. கோயமுத்தூர்க்காரியான நான் அவர்களுக்கு 'தண்ணி டீச்சர்'. மரியாதை உண்டு, பேச்சு இல்லை. மூடுபனி இறங்கிய ஞாயிறுகளில், இன்று யார் யாரிடம் பேசினோம் என்று மனசுக்குள் பட்டியல் போடுவேன். பம்ப் மோட்டாரையும் சேர்த்தால்தான் பட்டியல் என்று ஒன்று வரும். அப்படிப்பட்டவளிடம் கலாவின் அம்மா பாக்கியம் குழாயடியில், "டீச்சர், நாளைக்கு அந்திக்கு நம்ம காம்பராவுக்கு வாங்க. மாப்பிள வூட்டாளுக வாராங்க" என்றார். இரவெல்லாம் யோசித்தேன். என்ன கொண்டுபோவது? நல்ல தண்ணீர்!

காம்பரா என்கிற அந்த ஒற்றையறையில் மாப்பிள்ளையின் அம்மா டம்ளரை விளக்குப் பக்கம் தூக்கிப் பிடித்தார். அவரும் சிலோனில் கொழுந்து பறித்தவர்.

"ஏம்புள்ள, இதுல என்னா போட்ட?"

"தூளும் சீனியுந்தான் மாமி." கலா டம்ளரை எட்டிப் பார்த்தாள்.

"கொழுந்து பறிக்கிற குடும்பத்துல பொறந்துட்டு, ஒரு தேத்தண்ணி ஊத்தத் தெரியலன்னா..."

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்தே விட்டார். "வெத்தலத் தட்ட உள்ள எடுங்கக்கா. பொறவு பாப்பம்."

பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்தார். அதைப் பார்த்து நான் எழுந்தேன்.

"ஏனுங்க, புள்ள மேல தப்பில்லைங்க. தண்ணிலதானுங்க கோளாறு. அது என்ற வேலைங்க."

அங்கே நிறுத்தியிருக்கலாம். மொதலாவது சோலை இலை, ரெண்டாவது குளோரின் என்று விரல் மடக்கி ஆரம்பித்துவிட்டேன். குளோரோஃபார்ம் வந்ததும் தாய்மாமன் நிமிர்ந்தார்.

"ஆபரேசனுக்கு மயக்கங் குடுப்பாங்களே, அதா?"

"அதேதானுங்க. அது வரக்கூடாதுன்னுதான் இரும்பு போட்டனுங்க."

"இரும்பா! நான் பாதி குடிச்சிட்டேனே!" என்றார் மாப்பிள்ளை. அந்த மாலை முழுக்க அவர் பேசியது அவ்வளவுதான்.

பயமில்லை என்று காட்ட அவருடைய மீதியை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். அடுத்த டம்ளரையும் குடித்தேன். பிறகு தைரியமூட்டும் விதமாகச் சிரித்தேன். பல்லெல்லாம் கறுப்பு. கைக்குழந்தை ஒன்று வீறிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் என் பல்லையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். "பாக்கியம், ஓடத்தண்ணி ஒரு கொடம் எடுத்தா. புள்ள கையாலயே இன்னொருக்கா ஊத்தட்டும்."

ஓடைத் தண்ணீர் கொதித்தது. தேத்தண்ணி செக்கச்செவேலென்று வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, தன் பக்கத்துப் பாயைத் தட்டி, "இங்க வந்து ஒக்காரு" என்றார் கலாவிடம். வெற்றிலைத் தட்டு வெளியே வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பியது யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை லயம் முழுக்கக் குடத்தோடு ஓடையில் நின்றது. எந்த ஓடையிலிருந்து அவர்களைக் காப்பாற்ற எனக்குச் சம்பளமோ, அதே ஓடை. வீடு வீடாகப் போய், காய்ச்சியாவது குடியுங்கள் என்று கெஞ்சினேன். சுண்ணாம்பு போட்டாயிற்று என்றும் சொன்னேன்.

"ஒங்க மேல கோவமில்ல டீச்சர்," என்றார் பாக்கியம். "ஆனா கலியாணம் முடியிற வரைக்கும் ஒங்க தண்ணி வேணாம்."

கோயமுத்தூரில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், தம்பி காப்பியை நீட்டிக்கொண்டே, "தைரியமாக் குடிங்க, அக்கா இன்னும் சமையக்கட்டுக்குள்ள போவலீங்க" என்கிறான். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தாலும் இதையேதான் சொல்கிறான்.

இப்போதைய நிலை இது. சுண்ணாம்பு போட்ட பிறகே இரும்பு போடுகிறேன், குளோரின் கடைசியில். கல்யாணம் முடிந்து கலா தேவர்சோலைக்குப் போய்விட்டாள். லயம் குழாய்க்குத் திரும்பிவிட்டது. அதன் பிறகு அங்கே பல பேரைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எல்லாத் தேத்தண்ணியும் என் தண்ணீரில் போட்டதுதான். என்னை இதுவரை யாரும் கூப்பிடவில்லை.