வீட்டு வண்டிக்கு எண்ணெய் தேய்த்த மார்கழி

ஒரு மாதமாக யாரோடும் பேசாத மனிதனின் கையில் ஸ்பானரைக் கொடுக்கக் கூடாது. பேச ஆள் இல்லாதவனுக்கு யோசனைகள் வரும். "அட கிறுக்கா" என்று சொல்லி அவற்றைத் தடுக்கப் பக்கத்தில் ஆளும் இருக்காது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய யோசனை எனக்கு அப்படித்தான் வந்தது. அன்றைக்கு ஒரு நாய் பக்கத்தில் இருந்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன்.

அப்போது எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. இன்டர்மீடியட் தோற்றவன். அம்மா போன வருடம் காலமாகியிருந்தாள். அண்ணன் திருவனந்தபுரத்தில் வேலை பார்த்தான். வீட்டுக்குப் போனால் பூட்டுத்தான் என்னை வரவேற்கும். இந்த நிலையில் ஒரு துரையிடம் எனக்கு வேலை கிடைத்தது.

துரை ஸ்காட்லாந்துக்காரர். மூணாறுக்கு மேலே தேயிலைத் தொழிற்சாலையில் இஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட ஒரு ராணுவ லாரியை வாங்கி, அதன் முதுகில் மரத்தால் வீடு கட்டியிருந்தார். இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. எல்லாவற்றையும்விட அதிசயம், தண்ணீர். கட்டிலுக்கு அடியில் தகரத் தொட்டி. அதிலிருந்து பலகைக்குக் கீழே ஓடும் குழாய். கைப்பம்பை நாலு தடவை அடித்தால் பாத்திரம் கழுவும் இடத்தில் தண்ணீர் கொட்டும். (எங்கள் வீட்டுக் கிணறே அடுத்த வீட்டில்தான் இருந்தது.)

கன்னியாகுமரியில் கடல் பார்க்க வந்த துரை, கொட்டாரத்துக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, சென்னையில் வைத்தியம் பார்க்கப் போனார். டிரைவர் ஞானமுத்து அண்ணனும் குழித்துறையில் மனைவி வீட்டுக்குப் போய்விட்டார். வண்டியை விட்டு எங்கேயும் போகாதே என்பது எனக்கு இட்ட கட்டளை. துரை வந்ததும் வண்டி மலைக்குப் போகும். அங்கே தை மாதம்வரை இருக்கும். நானும் உடன் போகலாமா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்" என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதம் இருந்தேன். அதுவரை என்னை எங்கேயும் யாரும் வா என்று கூப்பிட்டதில்லை.

தோப்பில் காற்று உண்டு, காக்கை உண்டு, மட்டை விழும் சத்தம் உண்டு. மனிதக் குரல் கிடையாது. இரண்டாவது வாரம் நான் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்ற ஆரம்பித்தேன். "சீனி போதுமா துரை?" என்று கேட்பேன். "போதும் மக்கா" என்று நானே கனத்த குரலில் சொல்லிக்கொள்வேன். பிறகு இரண்டையும் குடிப்பேன். மூன்றாவது வாரம் துரைக்கும் எனக்கும் சின்ன மனஸ்தாபம் ஏற்பட்டு, அவர் பங்குத் தேநீரை நான் குடிக்க மறுத்துவிட்டேன்.

அப்போதுதான் கடிதம் வந்தது. மலையில் இரவில் தண்ணீர் உறைந்து கல்லாகும், உறைந்தால் குழாய் வெடிக்கும், ஆகவே வண்டியைத் தயார் செய் என்று துரை எழுதியிருந்தார். தொட்டியையும் குழாயையும் காலி செய்ய வேண்டும். கட்டிலடியில் ஒரு டப்பாவில் பச்சை நிற மருந்து இருக்கிறது. அது உறையாத மருந்து. அதைத் தொட்டியில் ஊற்றி, குழாய் வாயில் பச்சையாக வரும்வரை பம்பு அடிக்க வேண்டும்.

தெளிவான கடிதம். ஆனால் படித்தவன் நான்.

எங்கள் வீடுகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்குக் கொடுப்பார்கள். மருந்து முதலில், காலியாவது பிறகு. விடியற்காலை அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். மத்தியானத்துக்குள் வயிறு சுத்தம். மருந்தும் காலி செய்வதும் ஒரே கடிதத்தில் வந்ததும், என் மூளை தானாகவே அவற்றை எங்கள் வீட்டு வரிசையில் அடுக்கிக்கொண்டது. பச்சை மருந்தை முழுவதும் ஊற்றினேன். பம்பு அடித்தேன். பச்சையாக வந்தது. நல்ல வேகம் என்று மகிழ்ந்தேன். பிறகு தொட்டியின் அடித்திருகைக் கழற்றினேன். அவ்வளவு மருந்தும் தோப்பு மணலில் இறங்கியது. மிச்சம் ஒரு சொட்டும் இருக்கக் கூடாதென்று சைக்கிள் பம்பை வைத்து ஊதி வேறு விட்டேன். அப்புறம் திருப்தியோடு கடிதத்தை இன்னொரு முறை படித்தேன்.

காலி செய்வது முதலில் இருந்தது, மருந்து பிறகு.

இரண்டு நாளில் இன்னொரு கடிதம். "வெள்ளிக்கிழமை காலை வருகிறேன். குழாயைத் திறந்து பார்ப்பேன். பச்சை வந்தால் நீயும் மலைக்கு வா."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. உறையக் கூடாது, பச்சையாக இருக்க வேண்டும். வண்டிப் படியில் உட்கார்ந்து யோசித்தேன். வழக்கம்போலத் தலைக்கு எண்ணெய் தேய்க்கப் புட்டியை எடுத்தேன். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து வெள்ளையாக இருந்தது. அதை வெயிலில் வைத்து, இளகியதும் உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தேய்த்தபோது மின்னல்போல் அந்த யோசனை வந்தது: உறைவது தண்ணீர்தானே? எண்ணெய் ஊற்றினால் என்ன?

(சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.)

தோப்பை ஒட்டி ஒரு எண்ணெய்ச் செக்கு இருந்தது. செக்குக்காரர் மகள் செல்லம்மை அளந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு தகரம் நிறையத் தேங்காயெண்ணெய் கேட்டேன். கையாந்தகரை, அதாவது கரிசலாங்கண்ணி இலை போட்டு, நல்ல பச்சை வரும்படி காய்ச்சித் தர வேண்டும் என்றேன்.

"ஒரு தகரமா? அது முடிக்குத் தேய்க்கிற எண்ணெயில்லா? யாருக்காக்கும் இவ்வளவு முடி கொட்டுது?"

"வண்டிக்கு."

அவள் அளவுப் படியைக் கீழே வைத்தாள். "வண்டிக்கு முடி கொட்டுதாக்கும்!"

"இது மெக்கானிக் காரியம். சொன்னால் உனக்குப் புரியாது."

"புரியாதுதான். எங்க வண்டிமாடு சும்மா பிண்ணாக்குதான் தின்னும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஒரு மாதத்தில் ஒரு மனித ஜீவனோடு நான் பேசிய மிக நீண்ட பேச்சு அது. விஷயத்தைச் சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் என்னைக் காப்பாற்றியிருப்பாள். நானோ, மெக்கானிக் என்று என்னை நானே சொல்லிக்கொண்ட பெருமையில் மிதந்து தோப்புக்குத் திரும்பினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வெதுவெதுப்பான பச்சை எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிப் பம்பு அடித்தேன். குழாய் வாயில் பச்சை வந்தது. மருந்தைவிட அழகான பச்சை. மலையில் போட்டுக்கொள்ள அண்ணனின் பழைய கோட்டை எடுத்து மடித்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் துரை ஞானமுத்து அண்ணனோடு வந்து இறங்கினார். துரை தேயிலைத் தோட்டத்தில் தமிழ் கற்றவர். எல்லாவற்றையும் அதட்டலாகத்தான் பேசுவார்.

"எல்லாம் ரெடியா?"

"ரெடி துரை."

குழாயைத் திறந்தார். வரவில்லை. பம்பை அடித்தார். கைப்பிடி அசையவில்லை. ஞானமுத்து அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் அழுத்தினார். குழாய் ஒருமுறை இருமியது. பிறகு அதன் வாயிலிருந்து, பச்சை கலந்த வெள்ளையில், விரல் தடிமனில் ஒரு மெழுகுவத்தி மெல்ல எட்டிப் பார்த்தது. வளர்ந்தது. வளைந்தது. பொத்தென்று விழுந்தது. இன்னொன்று எட்டிப் பார்த்தது.

துரை அதை விரலில் எடுத்து முகர்ந்தார்.

"இது என்ன?"

"மருந்து, துரை."

"மருந்துக்கு ஏன் தேங்காய் வாசம்?"

ஞானமுத்து அண்ணன் ஒரு துளி எடுத்துத் தன் வழுக்கையில் தடவிப் பார்த்தார். "ஏலே மக்கா, வண்டிக்கு எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டினியா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன், பேதி மருந்து உட்பட. துரை கோபப்படவில்லை. வண்டிப் படியைப் பார்த்தார். அங்கே, ஓலை இடுக்கில் விழுந்த முதல் வெயிலில், நான் இளகுவதற்காக வைத்திருந்த என் எண்ணெய்ப் புட்டி நின்றுகொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. அதை என் கண்ணுக்கு நேரே பிடித்தார். ஒன்றும் சொல்லாமலே என்னை அவ்வளவு திட்டியவர் வேறு யாரும் இல்லை.

அன்று முழுவதும் செல்லம்மை வீட்டுச் செம்புப் பானையை வாங்கி வெந்நீர் போட்டுத் தொட்டியில் ஊற்றினேன். அடித்திருகு வழியாக எண்ணெய் உருகி இறங்கியது. தோப்பு எறும்புகளெல்லாம் சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தன. கடைசியில் துரை குழாய்களை ஊதிக் காலி செய்து, திருகைத் திறந்தபடியே விட்டார். "இது போதும். காலியா இருந்தா எது உறையும்?" என்றார்.

அதாவது, மருந்தைக் கொட்டிக் காலி செய்த அன்றே நான் சும்மா இருந்திருந்தால் போதும்.

சாயங்காலம் ஞானமுத்து அண்ணன் வண்டியைக் கிளப்பினார். கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். துரை ஜன்னல் திரையை விலக்கி, "நீ இங்கே இரு. உனக்கு குளிர் ஆகாது" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

வண்டி போன பிறகு தோப்பில் அது நின்ற இடம் மட்டும் சருகு விழாமல் நீளச் சதுரமாகத் தெரிந்தது. அதன் நடுவே போய்ச் சற்று நேரம் நின்றேன். தேநீர் போட அடுப்பும் இல்லை. மனஸ்தாபப்படத் துரையும் இல்லை. பிறகு செம்புப் பானையைத் தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

செல்லம்மை பானையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். அதுவரை என்னை அவள் வண்டிக்காரரே என்றுதான் கூப்பிடுவாள்.

"வண்டி போயாச்சு. இனி உங்கள என்னண்ணு விளிக்க?"

அடுத்த சித்திரையில் அவளைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு, பதிலை அவளே கண்டுபிடித்தாள். மெக்கானிக்கு. சாகும்வரை அப்படித்தான் கூப்பிட்டாள். மார்கழி பிறந்தால் அடுக்களையிலிருந்து குரல் வரும்: "மெக்கானிக்கு, எண்ணெ உறைஞ்சாச்சு. வண்டிய மலைக்கு அனுப்பலாமா?"

துரை அந்தத் தை மாதம் ஓர் அட்டை எழுதினார். "மலையிறங்கித் தொட்டியை நிரப்பினேன். குழாய் வெடிக்கவில்லை. தேநீரில் மட்டும் தேங்காய் வாசம்." அதற்குப் பிறகும் நான் என்றும் மலைக்குப் போகவில்லை.

பிள்ளைகள் இருவரும் இப்போது குவைத்தில். வெள்ளிக்கிழமை தோறும் போன் செய்வார்கள். நலமா, சாப்பிட்டீர்களா என்று கேட்கும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. "அப்பா, எண்ணெ உறைஞ்சாச்சா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். உறைந்தது என்றால் இன்னும் நாலு வார்த்தை கிண்டல் செய்வார்கள், செல்லம்மை குரலில் பேசிக் காட்டுவார்கள், பேச்சு நீளும்.

அதனால் அக்கினி வெயிலில் எண்ணெய் தண்ணீர்போல் ஓடும்போதுகூட, புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்லுவது ஒன்றுதான்.

"உறைஞ்சாச்சு மக்கா. கல்லு மாதிரி இருக்கு."