குழாய்க்காரர் தேறிய கதை

தண்ணீர் ஆபீசுக்கு ஒருநாள் திடீரென்று ஞானோதயம். பதினெட்டு வருஷமாகத் தினக்கூலிக்கு ஊர்க் குழாய்களைச் சரிசெய்துவரும் குழாய்க்காரருக்குக் குழாயைப் பற்றி யாருமே சொல்லிக்கொடுக்கவில்லையே! "பணித்திறன் மேம்பாட்டுப் பயிற்சி, மூன்று நாள்" என்று சுற்றறிக்கை பறந்தது. தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் வீட்டில் நிரந்தரம்.

"அங்க போயும் வேலை செஞ்சு தொலைக்காதீங்க" என்று மனைவி அவர் பையிலிருந்த ஸ்பானரைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள், கோட்டு சூட்டுப் போட்ட பயிற்சியாளர், "கசிவைக் கண்டு பதறக் கூடாது, அணுக வேண்டும்" என்று சொல்லி வாய் மூடவில்லை, அவர் தலையில் சொட்டென்று தண்ணீர் விழுந்தது. மாடியில் குழாய் உடைந்துவிட்டது. சொட்டினது கொட்ட ஆரம்பித்தது.

குழாய்க்காரருக்குக் கை அரித்தது. எழுந்தார்.

"எங்கய்யா கிளம்பிட்டீங்க?"

"வால்வை மூடிட்டு வந்துடறேன் சார். ரெண்டே நிமிஷம்."

"வாசலைத் தாண்டினா வருகைப்பதிவு போயிடும். உட்காருங்க. அருமையான வாய்ப்பு இது! தண்ணி ஏன் கொட்டுதுன்னு இந்தப் படிவத்துல அஞ்சு காரணம் எழுதுங்க."

"ஒரே காரணம்தான் சார். யாரும் மூடலை."

"குழுவா யோசிங்கய்யா!"

எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு குழுவாக யோசித்தார்கள். தண்ணீர் நாற்காலியை எட்டியதும் குழாய்க்காரர் பொறுக்கமாட்டாமல் ஓடி, வெறுங்கையாலேயே வால்வைத் திருகி மூடினார்.

முடிவு வந்தது: தேறவில்லை. "படிவம் நிரப்பாமல் கசிவை நிறுத்திய குற்றம்."

மேலதிகாரி பெரிய மனசு பண்ணி மறுபயிற்சிக்கு அனுப்பினார். இந்தத் தடவை குழாய்க்காரர் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருந்தார். முதலிடம்! வேலையும் நிரந்தரம். மனைவி சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டு மாட்டினாள்.

மறுவாரம் அவர் தெருவிலேயே பெரிய குழாய் வெடித்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஸ்பானரைப் பிடுங்கிய அதே கை இப்போது அதை நீட்டியது.

"மூடித் தொலைங்களேன்!"

"இருடி. நாலு காரணம் ஆச்சு. இன்னும் ஒண்ணுதான்."

அவர் ஐந்தாவது காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குள் ஊர்த் தொட்டி காலி. மறுநாள் ஆபீஸ் லாரியில் தண்ணீர் அனுப்பியது, கூடவே ஒரு கருத்துப் படிவமும். "சேவை மிக நன்று" என்று கையெழுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் இரண்டு வாளி.

முந்தின நாள் ஆபீசை வாய்க்கு வந்தபடி வைத தெரு, ஆள் பாக்கியில்லாமல் கையெழுத்துப் போட்டது. முதல் கையெழுத்து குழாய்க்காரர் மனைவியுடையது.

நூற்றுக்கு நூறு திருப்தி! அதைக் காட்டித்தான் இப்போது பக்கத்து ஊர்களுக்கும் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள்.